சைக்கிளில் வேலைக்குத் திரும்புகிறவருக்கு இரண்டு மாதம் கொடுங்கள்: நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகங்களையும் ஆலைகளையும் நடத்துகிறவர்களுக்கும், ஷிஃப்ட் பட்டியல் போடுகிறவர்களுக்கும், குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் வேலை பார்ப்பவர்களில் யாரோ ஒருவர், மூலையில் தூசி படிந்து நிற்கும் சைக்கிளை எடுத்துத் துடைத்து, காற்றடித்து, இனி இதிலேயே வேலைக்குப் போவது என்று முடிவு செய்திருப்பார். ஒரு காலத்தில் நன்றாக ஓட்டியவராக இருக்கலாம். பிறகு குழந்தை பிறந்தது, வீடு மாறினார், நோயில் விழுந்தார், வீட்டிலிருந்தே வேலை என்றார்கள், இப்படி ஏதோ ஒன்றில் சில வருடங்கள் விட்டுப்போயிருக்கும். அவர் வீட்டுக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவே 15 கிலோமீட்டரோ 20 கிலோமீட்டரோ இருக்கும். இந்த மடல் அவருக்காகத்தான். ஆனாலும் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நானும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு சைக்கிளுக்குத் திரும்பியவன். கூடவே திரும்பியவர்கள் சிலர் நிலைத்ததையும் பலர் சில வாரங்களில் விட்டுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். விட்டவர்களுக்கு மனஉறுதி குறைவு என்று நான் நினைக்கவில்லை.

அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆளா இல்லை? மெதுவாகத் தொடங்கு, உடம்பு சொல்வதைக் கேள், ஒருநாள் ஓட்டினால் ஒருநாள் ஓய்வெடு. எல்லாம் சரியான அறிவுரைதான். அதில் பாதியைக் கடைப்பிடிப்பது அவர்கள் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

உடற்பயிற்சிக்காக ஓட்டுகிறவர் இந்த வாரம் 5 கி.மீ., அடுத்த வாரம் 7 கி.மீ. என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். கால் கனத்தால் பாதி வழியில் திரும்பிவிடலாம். வேலைக்கு ஓட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 20 கி.மீ. தூரம் என்றால் முதல் நாளே 20 கி.மீ.தான். சாயங்காலம் மறுபடியும் 20. ஐந்து நாளும் போய் வந்தால் வாரத்துக்கு 200 கி.மீ. ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து ஒரே வாரத்தில் 200 கி.மீ.க்குத் தாவச் சொன்னால், பந்தயங்களுக்கு ஆள் தயார்செய்யும் எந்தப் பயிற்சியாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தூரத்தைக் குறைக்க முடியாது என்றால் வேறு எதைத்தான் குறைப்பது? வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவது, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது, எவ்வளவு சுமையோடு ஓட்டுவது. இந்த மூன்றில்தான் கூட்டிக் குறைக்க இடம் இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். எந்தெந்த நாள் வர வேண்டும் என்று சொல்வது நீங்கள். எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று சொல்வதும் நீங்கள். முதுகில் என்னவெல்லாம் சுமந்து வர வேண்டியிருக்கும் என்பதும், நீங்கள் ஒரு லாக்கர் கொடுக்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்ததுதான்.

நான் கேட்கப்போவது எல்லாம் இந்த மூன்றுக்குள்தான் வரும். அதற்கு முன், ஓட்டாமல் இருந்த காலத்தில் உடம்புக்குள் என்ன நடந்தது, திரும்ப ஓட்டும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாதபோதுதான் "இவர் என்ன, ஒருநாள் வருகிறார், ஒருநாள் வருவதில்லை" என்ற பேச்சு வருகிறது.

பயிற்சியை நிறுத்தினால் உடம்பு அதிக நாள் காத்திருப்பதில்லை. 1984-இல் உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் கோய்லும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஏழு பேர், பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, முதல் 21 நாட்களிலேயே 7 சதவீதம் இறங்கிவிட்டது. எட்டு வாரம் ஆனபோது 16 சதவீதம் இறங்கி, அங்கே நின்றது. முதலில் குறைவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு. அதற்கடுத்து, தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் நொதிகள் குறைகின்றன. ஆனால், நெடுநாள் பயிற்சியால் தசைக்குள் உருவான நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த மூன்று மாதத்தில் குறையவே இல்லை. எல்லாம் போய்விட்டது என்று தோன்றும் காலத்திலும் அடித்தளத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கே இப்படி என்றால், மூன்று வருடம் விட்டவர் எங்கே நிற்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்காக வயதானவர்கள் திரும்ப முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில், 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. பிறகு ஐம்பது வயதான அந்த ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, 1966-இல் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே திரும்பி வந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஆறு மாதம், படிப்படியாக என்ற இரண்டையும் மட்டும் மறந்துவிடக் கூடாது.

திரும்பி வரும்போது எல்லா உறுப்பும் சேர்ந்து வருவதில்லை. முதலில் ரத்தம் வருகிறது. தொடர்ந்து ஓட்ட ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயத்துக்கு வேலை சுலபமாகிறது. முதல் நாள் மேம்பாலத்தில் இரைத்த மூச்சு, இரண்டாவது வாரம் இரைப்பதில்லை. தசை பழைய திறனுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் முட்டியைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்களும் எல்லாவற்றுக்கும் கடைசி. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆக மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஓர் ஆபத்தான இடைவெளி விழுகிறது. மூச்சு தயார், முட்டி தயாரில்லை. உங்கள் ஊழியர் உற்சாகமாக வந்து "இனிமேல் தினமும் சைக்கிள்தான்" என்று சொல்வதும் சரியாக அந்தச் சமயத்தில்தான். தயவுசெய்து அப்போது கைதட்டி ஏற்றிவிடாதீர்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஓட்டப் பயிற்சியில் வலிக்கிற அளவுக்குச் சைக்கிளில் மறுநாள் தசை வலிப்பதில்லை, ஏனென்றால் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டிய வேலை இதில் இல்லை. வலி இல்லை என்பதால் களைப்பும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு நாள் அடுத்தடுத்து ஓட்டிவிட்டு வந்தவர் மூன்றாம் நாள் மாடிப்படி ஏறுவதைக் கவனியுங்கள். கை தானாகக் கைப்பிடியைத் தேடும். நடுவில் ஒரு படியில் நின்று, போனைப் பார்ப்பது போல மூச்சு வாங்கிக்கொள்வார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையில் கை ஊன்றுவார். காலையில் எழுந்ததும் பார்த்தால் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கும், தூக்கமும் சரியாக இருக்காது. உடம்பு இன்னும் பழைய கணக்கையே தீர்க்கவில்லை என்பதற்கு அடையாளங்கள் இவை.

சரி, நாட்களுக்கு வருகிறேன்.

தொடங்கும்போது வாரத்துக்கு இரண்டு நாள் போதும். அந்த இரண்டும் அடுத்தடுத்த நாட்களாக இருக்கக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொண்டால் நடுவில் இரண்டு நாள் கிடைக்கும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போய், உடம்பு முரண்டு பிடிக்காமல் இருந்தால் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு உடம்பு தேற விட வேண்டும். இரண்டு மாதம் ஆகும்போது வாரத்துக்கு மூன்று நாள் போய் வருவது சாதாரணமாகிவிட்டால், அதுவே பெரிய காரியம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் இரண்டு நாளிலேயே 240 நிமிடம் ஆகிவிடுகிறது. ஐந்து நாளும் ஓட்டுகிறவர்தான் உண்மையான சைக்கிள்காரர் என்ற எண்ணத்துக்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது என்ன? அலுவலகம் வரும் நாட்களைத் தேர்ந்தெடுக்க முடிகிற வேலையாக இருந்தால், அந்த இரண்டு நாட்களையும் அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள், இடைவெளியோடு. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று விதி வைத்திருப்பீர்கள். அதில் செவ்வாயும் வியாழனும் அவர் சைக்கிளில் வரட்டும், புதன்கிழமை பேருந்திலோ ரயிலிலோ வரட்டும். "நேற்று சைக்கிளில் வந்தீர்களே, இன்று என்ன ஆச்சு?" என்று மின்தூக்கியில் வைத்துக் கேட்காதீர்கள். வேடிக்கையாகக் கேட்டாலும், ஓய்வு நாளை அவர் ஒரு தோல்வியாக நினைக்க ஆரம்பிப்பது அங்கேதான்.

ஷிஃப்டில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடினம். இரவு வெகுநேரம் கழித்து முடியும் ஷிஃப்டை அடுத்து, மறுநாள் அதிகாலை ஷிஃப்டைப் போட்டுவிட்டால், ஒரு மணிநேரம் மிதித்து வீடு சேர்ந்து, நாலைந்து மணிநேரம் தூங்கி, இருட்டில் மறுபடி கிளம்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் சாலையில் போவது உடற்தகுதியைப் பற்றிய கேள்வி அல்ல, உயிரைப் பற்றிய கேள்வி. பட்டியல் போடும்போது இந்த ஒரு சேர்க்கையை மட்டும் தவிர்த்துவிட்டால் பெரிய உதவி.

அப்புறம், ஒரு வழிப் பயணம். இது திரும்ப ஆரம்பிப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி. முதல் நாள் காலை சைக்கிளில் வந்து, சாயங்காலம் அதை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வீட்டுக்குப் போவது. மறுநாள் பேருந்தில் வந்து, சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போவது. 40 கி.மீ. இரண்டு நாளாகப் பிரிந்துவிடுகிறது, நடுவில் ஓர் இரவு முழுக்கவும் ஒரு பகல் முழுக்கவும் ஓய்வு கிடைக்கிறது. நீண்ட தூரத்தைப் பாதியாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் இதற்கு ஒன்று வேண்டும்: இரவில் சைக்கிளை நம்பிக்கையோடு விட்டுப்போக ஓர் இடம். கூரையும், சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டத் தோதான உறுதியான கம்பியும், பாதுகாவலர் கண்ணில் படும் வெளிச்சமும் இருந்தால் போதும். பல இடங்களில் வண்டி நிறுத்துமிடத்தின் கடைக்கோடியில், முன்சக்கரத்தை மட்டும் செருகும் ஒரு தகரச் சட்டத்தை வைத்துவிட்டுச் சைக்கிள் நிறுத்துமிடம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் பூட்டினால் முன்சக்கரம்தான் மிஞ்சும். சில இடங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் சைக்கிள் இருக்கக் கூடாது என்றே விதி இருக்கிறது. அந்த விதியை யாரும் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது ஒருவருடைய முதல் இரண்டு மாதத்தை இரட்டிப்புக் கடினமாக்குகிறது. எடுத்துவிடுங்கள்.

பாதி தூரம் ரயிலில் வந்து மீதியை ஓட்டுவதும் உண்டு. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் வேலைக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்தவர்களை வைத்து நடத்தி 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குறைந்த உடற்தகுதியோடு தொடங்கியவர்களுக்கு ஒரு வழிக்கு 3 கி.மீ. என்ற தூரமே முன்னேற்றத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது வேகம், அதாவது கடிகாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

20 கி.மீ. தூரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஒரு மணிநேரம். 24 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 50 நிமிடம். பத்து நிமிடம் மிச்சம், வேகம் நாலு கிலோமீட்டர்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில், அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறுகிறது. 20-லிருந்து 24-க்குப் போனால் காற்றுக்காக மட்டும் செலவிடும் சக்தி ஏறத்தாழ 70 சதவீதம் கூடிவிடுகிறது. எதிர்காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றில் அதே 20 கி.மீ. வேகத்தைப் பிடித்து வைக்க, காற்றை எதிர்க்கும் சக்தி மூன்று மடங்கு வேண்டும். பயிற்சியில் இருப்பவர் இதைச் சமாளித்துவிடுவார். திரும்ப ஆரம்பித்தவருக்கு, ஒரு வார்த்தை பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய பயணம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டும் பயணமாக மாறிவிடுகிறது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் இந்த இரண்டு மாதத்துக்கும் சரியான வேகம். தசையில் ஆற்றல் உண்டாக்கும் அமைப்பு வளர்வதற்கு அதுவே போதும், மறுநாளைக்கும் கொஞ்சம் தெம்பு மிஞ்சும்.

இப்போது அவர் சாலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் தாமதம் என்று குறிக்கும் இயந்திரம் உங்கள் வாசலில் இருக்கிறது. வழியில் ஒரு ரயில்வே கேட் மூடிவிட்டது. மணி 8:40, இன்னும் 8 கி.மீ. பாக்கி. அவர் என்ன செய்வார்? கனமான கியரில் போட்டு எழுந்து நின்று மிதிப்பார். முட்டிச் சில்லுக்கு அது பெரிய சுமை. இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்குப் பக்கத்தில் கால் சுற்றினால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்கும் அழுத்தம் குறைவு. அவசரத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வார். சிவப்பு விளக்கில் பொறுமையும் போய்விடும்.

இருபது நிமிடம் நெகிழ்வு கொடுங்கள் என்று கேட்கிறேன். காலையில் முன்பின் இருபது நிமிடம், அதைச் சாயங்காலம் ஈடுகட்டிவிடலாம். பதறாத காரியம் சிதறாது என்பது வேறு எதற்குப் பொருந்துகிறதோ இல்லையோ, சைக்கிளில் முட்டிக்குப் பொருந்தும்.

வந்து சேர்ந்ததும் கால் மணிநேரம் தனியாக வேண்டும். இதை ஓட்டாதவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கடினம், அதனால் உடைத்தே சொல்கிறேன். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் மிதிப்பதற்குப் போகிறது, மீதி எல்லாம் வெப்பம். ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிரே வீசும் காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கிறது. வாசலில் இறங்கி நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, உள்ளே தேங்கிய வெப்பம் நிற்பதில்லை. அதனால்தான் ஓட்டும்போது வறண்டிருந்த நெற்றியில், வரவேற்பறையில் நின்ற இரண்டாவது நிமிடம் வியர்வை கொட்டுகிறது. முகம் கழுவுகிறார், துடைக்கிறார், மறுபடி வழிகிறது. சட்டை மாற்றினால் புதுச் சட்டையும் நனைகிறது. பத்து, பதினைந்து நிமிடம் ஒரு மின்விசிறிக்குக் கீழே நின்று தண்ணீர் குடித்த பிறகு மாற்றினால் சட்டை காய்ந்தே இருக்கும். அந்தக் கால் மணிநேரத்தைக் கொடுக்காமல் நேராகக் கூட்டத்துக்கு அழைத்தால், முதுகோடு ஒட்டிய சட்டையோடு எல்லோர் நடுவிலும் உட்கார வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே சைக்கிளை விட்டவர்கள் உண்டு. குறிப்பாகப் பெண்கள் பலர். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, கொக்கி உள்ள, ஈரத் துணி உலர்த்தக் கம்பி உள்ள ஓர் அறை இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குளிக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. வெயில் காலம் ஆரம்பிக்கும்போது இது கூடுதலாக வேண்டும், ஏனென்றால் வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகிறது.

சுமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மடிக்கணினி, சார்ஜர், மாற்றுத் துணி, துண்டு, ஷூ, பூட்டு, தண்ணீர். எல்லாம் முதுகில் ஏறினால் உட்காரும் எலும்பிலும் மணிக்கட்டிலும் தோளிலும் அழுத்தம் கூடும். முதுகில் வியர்வை உலரவும் வழி இருக்காது. உள்ளங்கையின் ஓரமும் சுண்டுவிரலும் மரத்துப்போவதாகச் சொல்பவர்கள், பெரும்பாலும் ஹேண்டில்பாரில் அதிக எடையை ஊன்றியவர்களாக இருப்பார்கள். ஒரு லாக்கர் கொடுத்தால் ஷூவும் துண்டும் பூட்டும் அங்கேயே தங்கிவிடும். ஓட்டாத நாளில் ஒரு வாரத்துக்கான சட்டைகளைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். வீட்டில் வேறு கணினி இருந்து, மடிக்கணினியை அலுவலகத்திலேயே விட்டுப்போக உங்கள் விதி இடம் கொடுத்தால், திரும்பும் பயணம் கைவீசிப் போவதுபோல் ஆகிவிடும்.

நிறுத்துமிடத்தில் அழுத்தம் காட்டும் பம்பு ஒன்றும் ஆலன் கீ செட் (அறுகோணக் குழி உள்ள திருகுகளைத் திருப்பும் சாவிகள்) ஒன்றும் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தால், அது நீங்கள் செய்யும் செலவிலேயே மிகச் சிறியதாக இருக்கும். சைக்கிள் டியூபில் காற்று தானாகவே இறங்கும். குறைந்த காற்றோடு ஓட்டுவது கூடுதல் சுமையோடு ஓட்டுவதற்குச் சமம். ஆலன் கீ எதற்கு என்றால், இருக்கை உயரத்துக்கு. சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், அதிக உயரமாக இருந்தால் பின்பக்கம் வலிக்கும், இடுப்பு இருபக்கமும் ஆடும். சுவரில் கை ஊன்றி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் ஏறத்தாழ சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு இருக்கும். வருடக்கணக்கில் கிடந்த சைக்கிளில் சீட் எங்கே இறங்கியிருக்கிறது என்று பாதிப் பேர் பார்ப்பதில்லை, முட்டி வலிக்கு வயதைக் காரணம் சொல்கிறார்கள். பழக்கமுள்ள ஓர் ஊழியர் இதைப் புதியவர்களுக்குச் சரிபார்த்துக் கொடுக்க அரைமணிநேரம் அனுமதி கொடுங்கள், எத்தனையோ முட்டிகள் தப்பிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். "ஒரு மாதம் முழுக்கச் சைக்கிள்" போட்டி. நல்ல எண்ணத்தில்தான் நடத்துகிறீர்கள். பட்டியல் ஒட்டுகிறீர்கள், அதிக கிலோமீட்டர் ஓட்டியவருக்குப் பரிசு தருகிறீர்கள். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு சந்தோஷம். புதிதாகத் திரும்பியவருக்கோ, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் ஓட்டவைக்கும் அழுத்தம். கிலோமீட்டர் கணக்கும் தினமும் வந்த கணக்கும் எதை ஊக்குவிக்கின்றன? முதல் மாதத்தில் செய்யக் கூடாததைத்தான். ஆர்வம் காட்ட வேண்டுமென்றால் ஆறாவது மாதத்தில் யார் யார் இன்னும் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். வாரத்துக்கு ஒருநாள் ஓட்டுகிறவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரிக் சைக்கிளில் வருபவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதித்தால் உதவும் மோட்டார் உள்ள சைக்கிளில்கூட உடம்புக்கு மிதமான உழைப்பு கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிர்காற்றையும் ஏற்றத்தையும் அது சமன்செய்வதால், முட்டியில் பிரச்சினை உள்ளவரும் பிரசவத்துக்குப் பின் திரும்புகிறவரும் தங்கள் அளவுக்கு மட்டும் உழைக்க முடிகிறது. நாளாக ஆக உதவியைக் குறைத்துக்கொண்டே வரலாம். பேட்டரிக்குப் பாதுகாப்பாக மின்னேற்றம் செய்ய ஓர் இடம் மட்டும் ஒதுக்கினால் போதும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஒரு எல்லையும் சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், இவையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விடக்கூடியவை அல்ல. இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் பல வருடம் உடலுழைப்பே இல்லாதிருந்தவர்களும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. காய்ச்சலில் இருப்பவரும் காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழுந்தவரும் சில நாள் சைக்கிளைத் தொடக் கூடாது. "சைக்கிளில்தானே வருவேன் என்றார்" என்று அந்த நாட்களில் யாரும் நினைவூட்ட வேண்டாம்.

இதனால் நிறுவனத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், சைக்கிளில் வேலைக்கு வருபவர்கள், அப்படி வராதவர்களைவிட வருடத்துக்கு ஒரு நாளுக்கும் சற்று அதிகமாகவே குறைவாக நோய்விடுப்பு எடுத்திருந்தார்கள். அடிக்கடியும் நீண்ட தூரமும் ஓட்டியவர்களுக்கு விடுப்பு இன்னும் குறைவு. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு, காரிலோ பொதுப் போக்குவரத்திலோ போனவர்களைவிட இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் இதில் ஓரளவு கலந்திருக்கலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்தப் பலன் எல்லாம் வருடக்கணக்கில் ஓட்டியவர்களுக்குக் கிடைப்பது. ஆறாவது வாரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தியவருக்கு இதில் பங்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. நான் இரண்டு மாதம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான். அந்தக் காலத்தைத் தாண்டியவருக்கு உங்கள் உதவி பெரிதாகத் தேவைப்படாது. எதிர்காற்றையும் இருபது கிலோமீட்டரையும் அவரே பார்த்துக்கொள்வார்.

பெரிய கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. இரவில் சைக்கிள் நிற்க ஓர் இடம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு லாக்கர், ஒரு பம்பு, காலையில் இருபது நிமிட நெகிழ்வு, வந்ததும் கால் மணிநேரம். ஷிஃப்ட் பட்டியலிலும் வருகைப் பதிவிலும் சின்னச் சின்ன மாற்றங்கள். இவற்றில் எது முடியும், எது முடியாது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி, யாரிடம் கேட்க வேண்டும் என்ற விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். கேட்பதற்கே தயங்கும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அடுத்த மாதப் பட்டியல் போடுவதற்கு முன், சைக்கிளில் வர நினைப்பவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களுக்கு எந்த இரண்டு நாள் வசதி என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்கு வரும் ஊழியர் ஒருவர்